பெயர் போடாத நேரம்

மே 4, ஞாயிறு

மருந்துக் கடையில் கொடுத்த டைரி இது. முதல் நாற்பது பக்கமும் ஆதிரையின் எடை, தடுப்பூசித் தேதி, எத்தனை முறை வெளிக்குப் போனாள், என்ன நிறம். மஞ்சள், மஞ்சள், பச்சை, சளி மாதிரி, மஞ்சள். இன்ஜினீயரிங் படித்தவள் ஐந்து மாதமாக எழுதிக் கிழித்தது இவ்வளவுதான். மீதிப் பக்கங்களை இன்றிலிருந்து எனக்கு எடுத்துக்கொள்கிறேன்.

இன்று சண்டை. இவரைக் கேட்டால் "பேசினோம்" என்பார்.

ஜூன் இரண்டாம் தேதி என் பிரசவ விடுப்பு முடிகிறது. என் கம்பெனியில் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். இவர் கம்பெனியில் மூன்று நாள். இரண்டும் மூன்றும் ஐந்து. ஆறு மாதம் முடிந்தால் ராகிக் கூழ் தொடங்கலாம், பிழிந்து வைத்த பாலைச் சங்கில் ஊட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இதையெல்லாம் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிப் பிரசன்னா முன்னால் வைத்தேன்.

"ஊட்ல இருந்து வேலைன்னா மேனேஜர் கண்ணுல பட மாட்டேன் கோகி. அதுவுமில்லாம அவளுக்கு நாள் பூரா நீதானே வேணும்? எனக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சுக்கோங்க."

"வாயில பேசிட்டே இருந்தா ஆகாது. மூணு வாரம் அளந்து பார்ப்போம். யார் நேரம் எங்க போகுதுன்னு தெரியட்டும். நம்பர் என்ன சொல்லுதோ அதன்படி நீ போறதா, பேப்பர் போடறதான்னு முடிவு பண்ணிக்கலாம்."

பேப்பர் போடுவதென்றால் ராஜினாமா. சொல்லிக்கொண்டே வாழைப்பழம் சாப்பிட்டார். தோலை என் கட்டம் போட்ட தாளின் மேலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். தோலை எடுத்தபோது செவ்வாய், புதன் இரண்டும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தன.

மே 5, திங்கள்

அளக்கிற கருவியை நேற்று இரவே எழுதி முடித்துவிட்டார். பழைய லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கருப்புத் திரையைத் திறந்துவைத்திருக்கிறார். பொத்தான் கிடையாது, படம் கிடையாது. "நேரம் தொடங்கு பால் கோ" என்று தட்டினால் என் பெயரில் ஓட ஆரம்பிக்கும். கோ நான், பி இவர். "நேரம் நிறுத்து கோ" என்றால் நிற்கும். இன்னொரு வேலையைத் தொடங்கினாலும் பழையது தானாக நின்றுகொள்ளும். "நேரம் அறிக்கை" என்றால் ஆளுக்கு எத்தனை மணி என்று சொல்லும்.

"எத்தனை சிம்பிள் பாரு. தட்டினா 'சரி'ன்னு மட்டும் சொல்லும். வேற ஒரு வார்த்தை பேசாது."

"ஒவ்வொரு தடவையும் பேர் போடணுமா?"

"போடாட்டியும் ஓடும்."

குழந்தை பிறந்த வீட்டுக்கு ஒருவர் இப்படியும் சீர் செய்வார் போல. பல் விளக்கிக்கொண்டே காட்டினார். திரையில் நுரை தெறித்தது. துடைத்தது நான். அதற்கு "தொடங்கு" போடவில்லை.

மே 6, செவ்வாய்

பால் ஏழு தடவை. தலை சீவ மறந்துவிட்டேன். மறந்ததற்கு எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை.

மே 8, வியாழன்

மதியம் மூன்று மணிக்குப் பால் கொடுத்துத் தோளில் போட்டேன். குடித்ததெல்லாம் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது. திரிந்த பாலின் புளித்த வாசனை. குளிக்கலாம் என்றால் கீழே போட்ட உடனே அழுகிறாள். அந்த ஈரத்தோடே ஐந்து மணிவரை நடந்தேன். என் உடம்பு எனக்கே ஏதோ மூடி போடாத டப்பா மாதிரி நாறியது.

அவள் தூங்கியதும் இரண்டு கையாலும் ஒழுங்காக "நேரம் நிறுத்து கோ" என்று அடித்தேன். "நிறுத்த எதுவும் இல்லை" என்று வந்தது. தொடங்கவே மறந்திருக்கிறேன் போல. இரண்டு மணி நேரம் வீண். தூக்கமில்லாத மண்டை இப்படித்தான்.

தூளிக்குள் கையை விட்டு மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வருகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைச் செய்கிறேன் என்று எழுதினால் இவர் டாக்டரிடம் கூட்டிப்போவார். அதனால் எழுதவில்லை.

மே 11, ஞாயிறு

முதல் வார அறிக்கை. பிரசன்னா முப்பத்தாறு மணி. நான் இருபத்திரண்டு.

இவரே ஒரு கணம் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். அந்தச் சாய்வை நான் மறக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் பாயசம் முடித்தவர் சாய்கிற மாதிரி.

"பரவால்லையே. நானும் ஏதோ பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

"நீங்க எட்டரைக்குப் போயி ஏழரைக்கு வரீங்க."

"வந்தப்புறம்? நைட்டு? சனி ஞாயிறு? நமக்கு ஞாபகம் இருக்கறது வேற அம்மணி, நம்பர் வேற. அதுக்குத்தானே அளக்கறோம்."

நான் எதிர்த்துப் பேசவில்லை. வியாழக்கிழமை தொடங்க மறந்தவள்தானே. எத்தனை தடவை மறந்தேனோ. சோறு வடித்த கஞ்சியில் ஒரு ஈ மிதந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 13, செவ்வாய்

இனி மறக்கக் கூடாதென்று பிடிவாதமாக எல்லாவற்றையும் தட்டுகிறேன். துணி மடித்தல் கோ. குக்கர் கோ. பாத்திரம் கோ. அவளைத் தூக்கிக்கொண்டிருந்தாலும் விடுவதில்லை. இடது கையில் அவள், வலது கையில் ஒரே விரல், "நேரம் தொடங்கு பால்", அவ்வளவுதான் முடிகிறது. அதற்குள் லேப்டாப் வயரைப் பிடித்து இழுக்கிறாள்.

இரவு இவர் கேட்டார். "குளிப்பாட்ட நாப்பது நிமிசமா? டாக்டர் பத்து நிமிசம்தானே சொன்னாரு?"

வெந்நீர் ஆற நேரமாச்சு என்றேன். உண்மையில், அவளைத் துடைத்துத் தூளியில் போட்ட பிறகு நான் திரும்பக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் சத்தம் நன்றாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

மே 15, வியாழன்

ரெஹானா போன் செய்தாள். என் டீம் லீட். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவள்.

"ஏய், ரெண்டாந்தேதி வரேல்ல?"

"பார்க்கணும்."

"என்னத்த பார்க்கணும்? உன் சீட்டுல ஒரு பையனை உட்கார வைக்கச் சொல்றாங்க. அவன் டெஸ்ட் பண்ணா எல்லாமே பாஸ் ஆகுதுடி! இருவத்தாறு பிழையை விட்டுட்டு, 'அக்கா, சூப்பரா ஓடுது'ங்கிறான். முப்பதாந்தேதிக்குள்ள ஆமா இல்லைன்னு மெயில் போட்ரு. அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது."

பிழை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். இன்னொருவர் எழுதியதை வாங்கி, அது எங்கே உடையும் என்று தேடுவது. எவ்வளவு பிடிக்கும் என்று அவள் பேசும்போதுதான் ஞாபகம் வந்தது. போனை வைத்த பிறகு ஆதிரையின் தலையை முகர்ந்து பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கும் பால் வாடையும். இதையும் விட்டுப் போக முடியாதென்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான். எழுதி வைக்கிறேன்.

மே 18, ஞாயிறு

இரண்டு வாரம். இவர் எழுபத்தெட்டு. நான் நாற்பத்து மூன்று.

அதை வண்ணக் கட்டமாக்கிக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டிருக்கிறார். நீலம் அப்பா, ரோஸ் அம்மா. கை தட்டுகிற பொம்மைகள் வரிசையாக. கோபியிலிருந்து அத்தை போன்.

"ஏங்கண்ணு, என்ற பையனாட்ட எவன் பாப்பான் சொல்லு? உன்ற மாமனாரு புள்ளையத் தூக்குனதே இல்ல. மூத்தவனுக்குக் காது குத்தறப்பத்தான் முகத்தையே பாத்தாரு. நீ குடுத்து வெச்சவ."

"ஆமாங்க அத்தை."

சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. பேசும்போது இவர் சோபாவில் படுத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். துண்டுகள் ஆதிரையின் விரிப்பில் விழுந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். மஞ்சள் பிறைகள். சீ.

மே 21, புதன்

மூக்கடியில் விரல்: பதினான்கு தடவை.

மே 25, ஞாயிறு

முடிந்தது. பிரசன்னா நூற்றுப் பதினெட்டு மணி. கோகிலவாணி அறுபத்து நான்கு.

"நான் குத்தம் சொல்லல," என்றார். குற்றம் சொல்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குவார்கள். "நான் ஆபீசும் போயிட்டு இத்தனை பண்றேன். நீ ஊட்லயே இருந்து இவ்வளவுதான் முடியுது. இதுல நீ வேலைக்கும் போனா என்ன ஆகும்? யோசிச்சுப் பாரு. உன்ற உடம்புக்காகத்தான் சொல்றேன். ரெண்டு வருசம் கழிச்சுப் போலாம், யாரு வேண்டாங்கறா?"

கோபம்கூட வரவில்லை. என் மேலேயே ஓர் அருவருப்பு. நாள் முழுக்க ஓடுகிறேன், முட்டி வலிக்கிறது, அறுபத்து நான்கு மணி. குளியலறையில் உட்கார்ந்த நேரத்தை வேறு குளிப்பாட்டல் என்று எழுதியிருக்கிறேன். அதைக் கழித்தால் அதுவும் இல்லை. ராஜினாமா கடிதத்தை இவரே எழுதித் தந்தார். மூன்று வரி. அழகான ஆங்கிலம்.

மே 27, செவ்வாய்

கடிதத்தை அனுப்பத்தான் மேசைக்குப் போனேன். பத்தே முக்கால் மணி. ஆதிரை இடது கையில், பால் குடித்தபடி. வழக்கம்போல் ஒரு விரலால் தொடங்கிவிட்டு உட்கார்ந்தேன். அவள் தூங்கியதும் படுக்க வைத்தேன். மூக்கடியில் விரல் வைத்தேன். வந்து, "நேரம் நிறுத்து கோ."

"நிறுத்த எதுவும் இல்லை."

இல்லை. இந்தத் தடவை நான் மறக்கவில்லை. அந்த வரி இதோ மேலேயே இருக்கிறது. "நேரம் தொடங்கு பால்." கீழே "சரி."

ரெஹானாவின் பையன் இங்கே உட்கார்ந்திருந்தால் சூப்பராக ஓடுகிறது என்று எழுந்து போயிருப்பான். நானும் மூன்று வாரம் அந்தப் பையனாகத்தான் இருந்திருக்கிறேன்.

கருவி எழுதி வைக்கிற கோப்பைத் திறந்தேன். வரி வரியாக எல்லாம் இருந்தது. மே 8, வியாழன். பி. பால். மதியம் 3:10 முதல் மாலை 7:50 வரை. அன்று 3:10க்கு என் முதுகில் பால் ஒழுகிக்கொண்டிருந்தது. இவர் அலுவலகத்தில் இருந்தார். 7:50க்கு இவர் வந்து வேறேதோ தொடங்கியதால் அது நின்றிருக்கிறது.

கோப்பின் பக்கத்திலேயே இவர் எழுதிய நிரல். அறுபது வரிதான். பதினேழாவது வரி: பெயர் இல்லையென்றால், பி.

இரண்டு கையும் சும்மா இருந்தபோது செய்ததெல்லாம் என் பெயரில். சமையல், துணி, பாத்திரம். அவளைத் தூக்கிக்கொண்டு செய்ததெல்லாம் இவர் பெயரில்.

உட்கார்ந்து எண்ணினேன். அறிக்கையின்படி என் கணவர் மூன்று வாரத்தில் நூற்று முப்பத்தோரு தடவை தாய்ப்பால் கொடுத்திருக்கிறார்.

சிரித்தேன். சத்தத்தில் ஆதிரை எழுந்துவிட்டாள்.  

மே 28, புதன்

முறைப்படி எழுதினால்தான் மனசு ஆறும்.

பிழை: பெயர் போடாவிட்டால் நேரம் பிரசன்னாவுக்குப் போகிறது.

வரவழைக்கும் முறை: குழந்தையை இடது கையில் வைத்துக்கொள்ளவும். வலது கையின் ஒரு விரலால் தட்டவும்.

எதிர்பார்த்தது: யார் என்று கேட்கும்.

நடந்தது: "சரி" என்றது.

இதைச் சரி செய்ய ஒரு வரி மாற்றினால் போதும். எழுதியவர் வேண்டுமென்று செய்யவில்லை. சோதித்துப் பார்க்கும்போது தன் பெயரைப் போட்டு அப்படியே விட்டிருக்கிறார், இவர் நிரல் எழுதும் வழக்கம் எனக்குத் தெரியும். திருடியிருந்தால்கூட எனக்கு இத்தனை அருவருப்பு வந்திருக்காது. நூற்றுப் பதினெட்டு மணியைப் பார்த்து, "இதை நான் எப்போது செய்தேன்" என்று ஒரு தடவைகூடத் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லையே, அதுதான். தன்னுடையது என்று அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டார்.

கடிதத்தை அனுப்பவில்லை. இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரவு அவரைக்காய்ப் பொரியல் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றார். வாயோரத்தில் ஒரு விதை ஒட்டியிருந்தது. அதையும் சொல்லவில்லை.

மே 30, வெள்ளி

காலை எட்டு மணி. இவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "மெயில் போட்டியா?" என்றார். அந்த நேரம் அத்தையின் போன். ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தார்.

"ஏனுங்க, பேப்பர் போடறதுக்கு முன்னாடி வேலை வாரியா ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. அத்தையும் கேக்கட்டும்" என்றேன்.

"அதுக்கென்ன, ரெண்டு நிமிசம்." உட்கார்ந்து தட்டினார். இவருக்கு அப்படி யாராவது கேட்டால் மிகவும் பிடிக்கும். "அம்மா, வாசிக்கிறேன் கேளு. மொத்தம் நூத்திப் பதினெட்டு மணி. இதுல முதல்ல..."

நிறுத்தினார்.

"முதல்ல என்ன கண்ணு?" அத்தை.

"பால்."

"எந்தப் பாலு? பாக்கெட் பாலு வாங்கறதா?"

இவருக்குக் கழுத்தோரம் சிவந்தது. நான் ஆதிரையை இடுப்பில் மாற்றிக்கொண்டு நானே வாசித்தேன். "பால் நாப்பத்தாறு மணிங்க அத்தை. தூங்க வெச்சது முப்பத்தொம்பது. தோள்ல போட்டு நடந்தது இருவத்தொண்ணு. மத்ததெல்லாம் சேர்த்துப் பன்னெண்டு."

 அத்தை, "ஏன்டா பிரசன்னா, புள்ளைக்கு நீயாடா பாலு குடுத்த?" என்றார். சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்துவிட்டது. அந்த இருமலுக்காக அத்தையின் மேல் எனக்கு இருந்த பழைய கோபத்தில் பாதியைக் கழித்துக்கொள்கிறேன். "நான் அப்புறம் கூப்படறேன்" என்று வைத்துவிட்டார்.

"இது... பேர் போடாதது எல்லாம் என் பேருக்கு வந்திருக்கு கோகி."

"எது?"

"இந்த நேரம்."

"யாரோட நேரம்?"

சொல்லும்வரை நின்றேன். ஆதிரை என் தாலிக்கொடியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"உன்னோடது."

"எத்தனை?"

"நூத்தி ஆறு மணி." பிறகு அவசரமாக, "எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா நம்பர் தப்பா இருக்காதுன்னு நெனச்சேன். இரு, இப்பவே சரி பண்ணிடறேன்" என்று நிரலைத் திறந்தார். விசைப்பலகையில் விரல் வைத்ததும் அவர் முகத்தில் நிம்மதியே வந்துவிட்டது.

"அதை விடுங்க. நம்பர் சொல்றபடி முடிவுன்னு சொன்னது நீங்க. ஒண்ணு, இந்த நம்பர் நிஜம். அப்படின்னா அவளுக்கு எல்லாமே நீங்கதான் பண்றீங்க, நான் போனா அவளுக்கு ஒண்ணும் ஆகாது. இல்லை, நம்பர் பொய். அப்படின்னா குரூப்ல போட்ட படத்துக்கு அடியில அதையும் போடுங்க. எதுவானாலும் நான் ரெண்டாந்தேதி போறேன். வாரத்துல மூணு நாள் உங்க முறை."

"எனக்குச் சங்கு பிடிக்கத் தெரியாதுடி."

"மூணு நாள் இருக்கு. அளந்துக்கலாம்."

ரெஹானாவுக்கு மெயில் போட்டேன். ஒரே வார்த்தை. ஆதிரை கையில் இருந்ததால் ஒரு விரலால். அடியில் என் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன்.

மே 31, சனி

சங்கு. ஊட்டியதில் பாதி ஆதிரையின் காதுக்குள். குழுவில் ஒரு வரி போட்டிருக்கிறார்: "முந்தைய படத்தில் பிழை. நீலமும் ரோஸும் மாறியிருக்கிறது." எப்படி மாறியது என்று எழுதவில்லை. ஒருவரும் கை தட்டவில்லை.

ஜூன் 2, திங்கள்

பதினொன்றரை மணிக்கு மீட்டிங்கில் மார்பு கட்டிக்கொண்டு குர்த்தா நனைந்தது. ரெஹானா தன் துப்பட்டாவைக் கழற்றி என் மேல் எறிந்தாள். கழிப்பறையில் நின்று பிழிந்தேன். டெட்டாலும் பக்கத்து அறையின் சிறுநீர் வாடையும். அழுகை வந்தது. வெளியே வந்ததும் பையன் விட்டுவைத்த இருபத்தாறில் ஒன்பதைப் பிடித்தேன். அன்று பகல் முழுக்க நான் மூக்கடியில் விரல் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக இவருக்குப் பதினோரு தடவை போன் செய்தேன். நான்கு தடவைதான் எடுத்தார். நான்கு தடவையும் பின்னால் அழுகை.

ஆறே முக்காலுக்கு வந்தேன். வாசல் விளக்கு போடவில்லை. தரையில் ராகிக் கூழ் காய்ந்து கால் ஒட்டியது. மேசையில் சங்கு, மூன்று துணி, குடிக்காமல் ஆடை கட்டிய காபி. இவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். இடது தோளில் ஆதிரை தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சோறு ஆக்கல," என்றார்.

"சரி."

திரையைப் பார்த்தேன். காலை 8:22. பி. குழந்தை. இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்த மறந்துட்டீங்களா?"

"மறக்கல." அவளைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டார். "எங்க நிறுத்தறதுன்னு தெரியல."

நான் கை கழுவிவிட்டு வந்து அவளை வாங்கிக்கொண்டேன். இவர் சட்டையின் தோளிலிருந்து முதுகுவரை வெள்ளையாக ஒழுகிக் காய்ந்திருந்தது. திரிந்த பாலின் புளித்த வாசனை. கிட்டே நிற்க முடியவில்லை.

சட்டையை மாற்றுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும்.